சுவர், தாள், கைப்பேசி

(பரமக்குடியில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்குக் கூப்பிட்ட தோழர் போனில் சொன்னது இது: "நம்ம பிள்ளைக ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் கைப்பேசியில அரசியல் பேசுதுக, சாமி பேசுதுக, கம்ப்யூட்டர் பேசுதுக. அது நல்லதா கெட்டதான்னு நீங்க வந்து சொல்லுங்க." நல்லது கெட்டது சொல்ல நான் கோடாங்கி இல்லை. வங்கியில் குமாஸ்தா. பகலில் அடுத்தவன் பணத்தை எண்ணிவிட்டு ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஆனால் கருத்துச் சொல்வதற்கு இந்த மாவட்டத்தில் என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே பிறந்தவன் எவனுக்கும் தெரியும். அந்த விலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மற்றவர்களுக்குக் கருத்து என்பது டீக்கடைச் சமாச்சாரம். பேப்பரைப் புரட்டுவான், 'இவன் சரியில்லப்பா' என்பான், கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவான். நமக்கு அந்த கிளாஸே தனியாக இருந்தது. தனி கிளாஸில் குடித்துக்கொண்டு என்ன கருத்துச் சொல்ல முடியும்?

கொஞ்சம் பின்னால் போகலாம். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போடப்பட்டன. கள்ளர்கள் போட்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறிய இடங்களில் அடி, தீவைப்பு. ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாகின்றன. அதில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக்கூடாது, எழுத்தறிவு பெறக்கூடாது.

இந்தப் பட்டியலை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். 'எதிர்த்துப் பேசக்கூடாது' என்று இதில் ஒரு தடையும் கிடையாது. ஏன்? பேச்சு அன்றைக்கு அவர்களுக்குப் பயமில்லை. சட்டைதான் பயம். ஒருத்தன் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் அவன் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டான். செருப்புச் சத்தம் ஒரு கருத்து. பித்தளைக் குடம் ஒரு கருத்து. வாயைத் திறக்காமலே நம் பாட்டன் பூட்டன் அரசியல் பேசியிருக்கிறான், அதற்கு அடியும் வாங்கியிருக்கிறான். இன்றைக்கு நம் தம்பி கைப்பேசியில் ஸ்டேட்டஸ் வைக்கிறான், முப்பது விநாடி வீடியோ, பின்னணியில் ஒரு பாட்டு. 'இதுக்குப் போயா இவ்வளவு கோவம்' என்று வெளியூர்க்காரன் கேட்கிறான். அந்த முப்பது விநாடி 1931-ன் சட்டைதான் ஐயா. அதனால்தான் கோவம்.

1957-க்கு வருவோம். இந்த ஊரில் அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செல்லூர்க்காரர், ராணுவத்தில் இருந்து வந்தவர், தியாகி இம்மானுவேல் சேகரன். செப்டம்பர் 10-ஆம் தேதி முதுகுளத்தூரில் கலெக்டர் சமாதானக் கூட்டம் நடத்தினார். தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு அமைதி வேண்டுகோள் விடுவதாகப் பேச்சு. எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதா என்ற இடத்தில் சிக்கிக்கொண்டது. கடைசியில் வாசகம் ஒன்று, தாள் தனித்தனி என்று முடிவானது. மறுநாள் ராத்திரி பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு அப்போது 32 வயது.

ஒரே வாசகம், தனித்தனித் தாள். இதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருங்கள். கருத்து வேறுபாடு அங்கே கிடையாது. அமைதி வேண்டும் என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. அந்தக் கருத்துக்குக் கீழே யார் பெயர் யார் பெயரோடு வருகிறது என்பதுதான் தகராறு. அரசியல் கருத்துச் சுதந்திரம் என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறார்களே, அதில் இந்தத் தாள் விவகாரம் வராது. 'என்ன பேசினான்' என்பது அவர்கள் கேள்வி. 'யார் பக்கத்தில் உட்கார்ந்து பேசினான்' என்பது நம்முடைய வரலாறு.

அதனால்தான் நம் முன்னோர்கள் அடுத்தவன் தாளில் இடம் கேட்டு நிற்காமல் சொந்தத் தாள் போட்டார்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து 1900 வரை நடத்தினார். எந்தச் சொல்லை வசவாக எறிந்தார்களோ அதையே முகப்பில் அச்சடித்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-ஆம் தேதி ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். புதன்கிழமைதோறும் வரும். விலை பெயரிலேயே இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் சாகும் வரைக்கும் நடத்தினார்.

அந்தத் தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். தம்பிமார்கள் இப்போது மூன்று தனித்தனிக் குழுக்களில் பேசுகிற அரசியல், மதம், தொழில்நுட்பம் மூன்றும் நான்கு பக்கத் தாளில் ஒன்றாகக் கிடக்கும். காங்கிரஸ் கேட்கிற சுயராஜ்யம் யாருக்கு என்று ஒரு கேள்வி. பக்கத்திலேயே புத்தர் சரித்திரம். மழை பெய்யாதது, விவசாயம், மருந்து, கைத்தொழில். சந்தேகம் கேட்டு வாசகர் எழுதுவார், பண்டிதர் பதில் சொல்வார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன், ரங்கூனில் மூட்டை தூக்குகிறவன் எல்லாம் அதன் வாசகன். ஒருத்தன் வாசிக்க பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிற பத்திரிகை. தபால்காரன் கொண்டுவந்து போட்ட குழு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அச்சு இயந்திரத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், பார்ப்பான் பிடித்துக்கொண்டான், நம்மாள் ஒருத்தன் மூலையில் ஒரு இயந்திரத்தைப் போட்டு வேதத்துக்கே அர்த்தம் கேட்டான்.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தாலும் விளம்பரம் போட மாட்டேன் என்றது திலகரின் 'கேசரி'. காசு வாங்கிக்கொண்டு ஒரு அறிவிப்புப் போடுவதற்குக்கூட மனசில்லை. ஊமைகளின் தலைவன் என்று பத்திரிகைக்குப் பெயர். ஊமைக்கு எதற்கு விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள் போல.

இனி சுவருக்கு வருகிறேன்.

2011 செப்டம்பர் 9. கமுதி பக்கம் பள்ளப்பச்சேரி. பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பையன் ராத்திரி வீடு திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டான். இரண்டு நாள் கழித்து இம்மானுவேல் நினைவு நாள். அஞ்சலி செலுத்த வரும் வழியில் ஜான் பாண்டியன் வல்லநாட்டில் கைது செய்யப்படுகிறார். பரமக்குடி ஐந்துமுனைச் சாலையில் மறியல். துப்பாக்கிச்சூடு. ஆறு தலித்துகள் செத்தார்கள். அடுத்த நாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா கொடுத்த விளக்கத்தில் ஒரு சுவர் வருகிறது. ஒரு தலைவரை இழிவுபடுத்தி எழுதப்பட்ட சுவரெழுத்துதான் அந்தக் கொலைக்குப் பின்னணி என்றார். அந்த எழுத்தை எழுதியது யார், உண்மையில் நம்மவர்கள் எழுதியதுதானா என்று உண்மை அறியும் குழுக்கள் கேள்வி எழுப்பின. பிறகு வந்த ஒரு நபர் விசாரணை ஆணையம் காவல்துறை சுட்டதை நியாயப்படுத்தியது. 2013-இல் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

சுவரில் எழுதியவன் யார் என்று தெரியாது. செத்த பையன் யார் என்று தெரியும். இதுதான் நான் சொல்ல வந்தது. கருத்து ஒரு கையிலிருந்து வரும், விலை இன்னொரு கழுத்திலிருந்து எடுக்கப்படும். சாதியச் சமூகத்தில் 'தனிமனிதக் கருத்து' என்று ஒன்று நமக்கு அனுமதிக்கப்படுவதே இல்லை. ஒருத்தன் சொன்னால் தெருவே சொன்னதாகக் கணக்கு. ஆதிக்கச் சாதிக்காரன் ஒருத்தன் கேவலமாகப் பதிவு போட்டால் 'அவன் ஒரு கிறுக்கன், விடுங்கப்பா' என்கிறார்கள். நம்மாள் போட்டால் 'அந்தத் தெருக்காரனுக'.

இப்போது சுவர் கைக்குள் வந்துவிட்டது. சுண்ணாம்பு வேண்டாம், பிரஷ் வேண்டாம், ராத்திரி முழித்திருந்து எழுத வேண்டாம். வசதிதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? அன்றைக்குச் சுவரில் எழுதுகிறவன் அந்த ஊரிலேயே இருந்தான். விடிந்ததும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவனும் போக வேண்டும். இன்றைக்கு எழுதுகிறவன் துபாயில் இருக்கிறான், சிங்கப்பூரில் இருக்கிறான், திருப்பூரில் இருக்கிறான். நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் வெளியூர்ப் பிழைப்புதான், தப்பில்லை. அவன் அறையில் படுத்துக்கொண்டு வீரமாக நாலு வரி போடுகிறான். அவன் அம்மா இங்கே அடுத்தவன் காட்டில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிறவள். மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட ஆள் வராது. கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுகிற கூலியும் நின்றுபோகும். 'ஏன் அப்பு, என்னைய ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடலயே' என்று அந்தக் கிழவி நம்மிடம் கேட்கிறாள். அவளுக்குப் பதில் தெரியாது. அவள் கையில் இருக்கிற பட்டன் போனில் அந்த நாலு வரி தெரியாது. அவள் வாசிக்காத எழுத்துக்கு அவள் கூலி கட்டுகிறாள்.

அப்படியானால் எழுதாதே என்று சொல்கிறேனா? இல்லை. அதைத்தான் 1931-லேயே சொல்லிவிட்டார்களே, நான் வேறு சொல்ல வேண்டுமா. எழுதுகிறவன் அந்தக் கிழவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்கிறேன். அவளிடம் வாசித்துக் காட்ட முடிகிற வரி எதுவோ அது நம் அரசியல். அடுத்தவன் வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதுகிற வரியை அவளிடம் வாசிக்க முடியுமா? முடியாது, செருப்பால் அடிப்பாள். 'நிலம் ஏன் எங்களுக்கு இல்லை' என்ற வரியை வாசிக்கலாம், அவளே இன்னும் நாலு வரி சேர்த்துச் சொல்வாள்.

குரல் பதிவு இன்னும் மோசமான வஸ்து. எழுத்தாவது கொஞ்சம் நேரம் எடுக்கும். 2019 ஏப்ரலில் பக்கத்து மாவட்டத்தில் பொன்னமராவதியில் என்ன நடந்தது? ஒரு சமூகத்துப் பெண்களைக் கேவலமாகப் பேசிய ஒரு வாட்ஸ்அப் ஆடியோ. பேசியது யார் என்று தெரிவதற்கு முன்னாலேயே ஊர் கொதித்து, காவல்நிலையத்தில் கல் விழுந்து, தடையுத்தரவு வந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம், 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் கம்பெனிக்காரன் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு போட்டான். அடித்துக் கொல்கிற கைகளை விட்டுவிட்டுக் கட்டைவிரலுக்குப் பூட்டுப் போட்ட கதை அது. பூட்டு கொஞ்சம் உதவியிருக்கலாம், நான் மறுக்கவில்லை.

அரசாங்கத்திடம் வேறொரு பூட்டு இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். நம் மாவட்டத்தில் வருஷா வருஷம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் கடைசி வரைக்கும் தடையுத்தரவு. பழைய 144, இப்போது பெயர் 163. நம் ரோட்டை மூடுகிற அதே கை எந்த நேரமும் நம் கைப்பேசியையும் மூடும். கைப்பேசியை மட்டும் நம்பி இயக்கம் கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் உண்டு. அது எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிற அலுவலகக் குழு. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஊழியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலையில் ஐந்தரை மணிக்கே பிள்ளையார் வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை முருகன், வியாழக்கிழமை சாய்பாபா, வெள்ளிக்கிழமை மகாலட்சுமி கையிலிருந்து காசு கொட்டிக்கொண்டே இருக்கும். வங்கிக் குழுவாயிற்றே, பொருத்தம்தான். ஏப்ரல் 14-ஆம் தேதி நான் அம்பேத்கர் படம் ஒன்று போட்டேன். ஒரு வரிகூட எழுதவில்லை. கால் மணி நேரத்தில் பதில் வந்தது: 'சார், ஆபீஸ் குரூப்ல சாதி, அரசியல் வேண்டாமே, ப்ளீஸ்.' அதற்கு ஏழு கட்டைவிரல்.

மகாலட்சுமி 'பொது'. அம்பேத்கர் 'சாதி'. அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவர், அந்தச் சட்டத்தின் கீழ்தான் அந்த வங்கியே நடக்கிறது, ஆனாலும் அவர் சாதி. 'பொது' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால் கருத்தரங்குக்குப் போக வேண்டாம், எந்த அலுவலகக் குழுவையும் ஒரு வாரம் கவனித்தால் போதும். நான் அந்தப் படத்தை எடுக்கவில்லை. மறு வருஷமும் போட்டேன். இந்தத் தடவை கட்டைவிரல் நான்கு. கீழ்மட்ட ஊழியர் ஒருவர் தனியாக வந்து 'நல்ல படம் சார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்மாளா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காமலே இருக்கட்டும்.

இதை வைத்துக்கொண்டு மதத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் குழுக்களுக்குள்ளேயே அதிகமாகச் சண்டை வருவது இதில்தான்.

ஓரியூர் திருவிழாவுக்கு நடந்து போகிற குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஐயனாருக்குக் கிடா வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1981-இல் மீனாட்சிபுரத்தில் நடந்ததற்குப் பிறகு இஸ்லாமுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பௌத்தம் தழுவியவர்கள் இருக்கிறார்கள். சாமியே இல்லை என்கிற நானும் இருக்கிறேன். ஒரே தெரு. தெருவில் சண்டை வருவதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். கைப்பேசிக்குள் போனால் மட்டும் 'நீ கிறிஸ்தவன், உனக்கு எங்க இடஒதுக்கீடு எதுக்கு' என்று ஒரு குரல் கிளம்புகிறது. இந்தக் குரல் எங்கே உற்பத்தியாகிறது என்று பாருங்கள். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தும் இஸ்லாமிய தலித்தும் வெளியே நிற்கிறார்கள். 2022 அக்டோபரில் இதை ஆராய நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பது சரியல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வந்த மாதம், கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டது: "அண்ணே, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுனத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா? நாளைக்கு எவனாச்சும் அத எடுத்துத் தாசில்தார் ஆபீசுல குடுத்துட்டா?" தோழர்களே, மேல்சாதிக்காரப் பெண் ஒருத்தி சர்ச்சுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வீடியோ போட்டால் அது மத நல்லிணக்கம். நம் பெண் வீட்டு வாசலில் ஒரு காகித நட்சத்திரம் கட்டினால் அது சான்றிதழ் மோசடி. அந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்துக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார்? எதிர்த்தெருக்காரனுக்கு அவ்வளவு விவரம் தெரியாது. நம் குழுவில் இருந்துகொண்டு 'எங்க இடஒதுக்கீடு' என்று பேசுகிறானே, அவனுக்குத்தான் தெரியும். சேரியில் பிறந்தவனைச் சேரிக்காரன் என்று ஊர் ஒதுக்கும்போது அவன் கழுத்தில் சிலுவை தொங்குகிறதா, துளசிமாலை தொங்குகிறதா என்று எவனும் பார்ப்பதில்லை. கல்லறையிலேயே தடுப்புச்சுவர் கட்டி வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மதம் மாறினாலும் சாதி கூடவே வருகிறது, சலுகை மட்டும் வராது. இந்த அநியாயத்தை அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவர்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அருந்ததியர் உள்ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். 2009-இல் சட்டம் வந்தது, மூன்று சதவீதம். 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியலுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அன்றைக்கு ராத்திரி நம் குழுக்கள் சிலவற்றில் வந்த சொற்களை நான் இங்கே சொல்ல மாட்டேன். 1930-இல் நம்மைச் சொன்ன அதே சொற்கள், நம் வாயால், நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைக்கிறவர்கள் மேல். தேவேந்திரகுல வேளாளர் என்று 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பெயர் கொடுத்தது. பெயர் மரியாதை வேண்டும் என்று கேட்டது நியாயம், நானே கையெழுத்துப் போட்டேன். பெயர் வந்த கையோடு 'தலித் என்று எங்களைச் சொல்லாதே' என்று அடுத்த தெருவைப் பார்த்துக் கத்துகிறவனிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது. 2011-இல் ஐந்துமுனையில் சுட்டவன் எந்தப் பெயரைக் கேட்டுவிட்டுச் சுட்டான்?

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 'இயந்திரத்துக்குச் சாதி கிடையாது அண்ணே' என்று தம்பிகள் சொல்கிறார்கள். இயந்திரத்துக்குக் கிடையாதுதான். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அன்றைக்கு ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரியது என்றார்கள். 2,500 ஏக்கர். அந்த நிலத்தை விற்றவனுக்குப் பணம் வந்தது. அதில் ஆடு மேய்த்தவனுக்கும் விறகு பொறுக்கியவளுக்கும் விற்க என்ன இருந்தது? சூரியன் எல்லாருக்கும் பொது, வேலி யாருடையது? சாக்கடைக்குள் மனிதன் இறங்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் இறங்கிச் சாகிறவன் யார்? செயற்கை நுண்ணறிவு உலகத்தை மாற்றுமா என்று ராத்திரி முழுக்க விவாதிக்கிற குழுவில், இந்த இரண்டில் ஒன்றைப் பற்றி ஒரு ராத்திரி பேசுங்கள்.

அதே நேரம், கருவியை நம்மாள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்டில் 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி தொடங்கினார்கள். 90.4 எஃப்எம். மீனவர்களுக்காக மீனவர்களே பேசுகிற வானொலி. காற்று எப்படி, கடல் எப்படி, மீன் என்ன விலை என்பதை அவர்கள் பாஷையிலேயே சொல்கிறார்கள். கரையில் பாசி எடுக்கிற பெண்கள் பேசுகிறார்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபோது லட்சம் வீடியோ ஓடியது. எனக்கு என்னவோ அந்தப் பாலத்தைவிட இந்தச் சின்ன ஒலிபரப்பு நிலையம்தான் பெரிய தொழில்நுட்பமாகப் படுகிறது. சேரிக்கென்று அப்படி ஒன்று ஏன் இல்லை? உரிமம் வாங்குவது சுலபமில்லை, தெரியும். விசாரிக்க ஆளாவது வேண்டாமா?

சரி, காரியத்துக்கு வருகிறேன். நேரம் ஆகிறது, பஸ் போய்விடும்.

முதலாவது, திருப்பித் திட்டாதீர்கள், எடுத்து வையுங்கள். நம்மைச் சாதி சொல்லி இழிவுபடுத்தி வருகிற பதிவை, பெயரும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி படம் பிடியுங்கள். அதன் இணைப்பு முகவரியையும் எழுதி வையுங்கள். வந்த கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், வக்கீல் தோழர்கள் எழுதித் தருவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. இணையம் பொதுமக்கள் பார்வையா என்று கேட்பார்கள். ஆம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது. திருப்பித் திட்டினால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் வழக்கு, கடைசியில் ராஜி. தாளில் மறுபடி தனித்தனிக் கையெழுத்து.

இரண்டாவது, குழு நடத்துகிற தம்பிகளுக்கு. காவல்நிலையத்திலிருந்து கூப்பிட்டு 'நீதான் அட்மின், உன்மேல்தான் கேஸ்' என்று மிரட்டினால் பயந்துவிடாதீர்கள். மற்றவன் போட்டதற்கு அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும் 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. 66-ஏ பிரிவு 2015 மார்ச் 24-லேயே செத்துப்போனது. அதே சமயம், செப்டம்பர் மாதத்தில் நம் குழுவுக்குள் புதிய எண்ணிலிருந்து ஒருத்தன் வந்து நம்மைவிட அதிகமாகக் கொதித்தால், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரியுங்கள். ஊர்ப் பெயர் சொல்லாதவனின் வீரம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு முக்கியமானது. பண்டிதரின் 'தமிழன்' இன்று நமக்கு வாசிக்கக் கிடைக்கிறது என்றால், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தப் பழைய தாள்களை வீட்டில் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து 1999-இல் புத்தகமாக்கினார். எண்பத்தைந்து வருஷம் தாண்டி வந்தது ஒரு பைசாத் தாள். 2011 செப்டம்பர் 11 சாயங்காலம் நம் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்த படங்கள் எங்கே? பேசிய பேச்சு எங்கே? போன் மாறிவிட்டது, கணக்கு முடங்கிவிட்டது, மெமரி கார்டு தொலைந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்குள் காணாமல் போய்விட்டது. ஆணையத்தின் அறிக்கை மட்டும் பத்திரமாக இருக்கிறது, அவர்கள் சொன்னபடி.

அதனால் இந்தப் பத்திரிகைக்காரர்களிடம் நான் கேட்டிருப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எட்டுப் பக்கம். கைப்பேசியில் நம் பிள்ளைகள் எழுதியதில் உருப்படியானதைத் தேர்ந்தெடுத்து, எழுதியவர் சம்மதத்தோடு, அவர் விரும்பினால் புனைபெயரில், அச்சில் போட வேண்டும். மாற்றுக் கருத்தும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வர வேண்டும். அருந்ததியத் தோழர் எழுதுவதும் கிறிஸ்தவத் தங்கச்சி எழுதுவதும் ஒரே தாளில். செலவுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் நான் தருகிறேன், சம்பளத் தேதியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பொறுக்கி எடுக்க இரண்டு பேர், தட்டச்சுக்கு ஒருத்தர், ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட நாலு பேர் வேண்டும். வாசிக்கிறவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். மிளகாய்க் காட்டிலிருந்து திரும்பி வருகிற கிழவிகள் ஆம்பளைப் பயல் வாசித்தால் தூங்கிவிடுவார்கள்.

பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே கொடுக்கலாம். கடைசி பஸ் ஒன்பது இருபதுக்கு.